நீர் மாத்திரை சாப்பிடும் அப்பத்தாவுக்கு இளநீர் கொடுக்கலாமா? இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை பற்றி ஒரு கேள்வி

கானாடுகாத்தான் பேத்தி:

எங்கள் அப்பத்தாவுக்கு 76 வயது. கானாடுகாத்தானில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார்கள். பல வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. போன வருடம் எக்கோ எடுத்தபோது இதயம் பம்பு செய்யும் திறன் குறைந்திருக்கிறது என்று சொல்லி, ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு ஃப்ரூஸ்மைடு 40 என்ற நீர் மாத்திரையும் கொடுத்தார்கள். கால் வீக்கம் வடிவதும் திரும்ப வருவதுமாகவே இருந்தது. இந்த மாதம் காரைக்குடி டாக்டர் ஃப்ரூஸ்மைடை நிறுத்திவிட்டு, டார்செமைடு 10, ஸ்பைரோனோலாக்டோன் 50 இரண்டும் ஒன்றாக இருக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று. வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது.

ஆனால் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. எதிர்வீட்டு ஆச்சி, "தண்ணி மாத்திரை போடுறவுகளுக்குச் சத்தெல்லாம் இறங்கிப்போகும், தினம் ஒரு இளநீர் குடுங்க" என்கிறார்கள். முன்பு ஃப்ரூஸ்மைடு கொடுத்த டாக்டரும் பழம், இளநீர் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர்தான். உப்பைக் குறைக்க வேண்டும் என்று சித்தி சோடியம் குறைந்த உப்புப் பாக்கெட் வாங்கி வந்து சமையலே அதில்தான் நடக்கிறது. மருந்துக்கடைப் பையன் மட்டும் இளநீர் வேண்டாம் என்றானாம். யார் சொல்வது சரி? வீக்கம் வடிந்துவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சித்தப்பா நினைக்கிறார். நான் சென்னையில் இருக்கிறேன், போனில்தான் எல்லாம்.

மருந்துக்கடை அண்ணன், காரைக்குடி:

தங்கச்சி, இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த உப்புப் பாக்கெட்டையும் இளநீரையும் நிறுத்தச் சொல்லுங்கள். டாக்டரைப் போனில் பிடித்து, அப்பத்தா இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லுங்கள். நாளைக் காலையில் ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், சித்தப்பா அல்ல.

எதிர்வீட்டு ஆச்சி சொன்னது பழைய மாத்திரைக்குப் பொருந்தும். ஃப்ரூஸ்மைடு, டார்செமைடு இரண்டும் ஒரே குடும்பம். சிறுநீரகத்தில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் இடத்தை அடைக்கின்றன. உப்பு வெளியே போகும்போது தண்ணீரும் கூடவே போகிறது. அதோடு பொட்டாசியமும் மக்னீசியமும் போகும். அதனால்தான் அந்த மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இளநீர், வாழைப்பழம் என்று சொல்வது. ஸ்பைரோனோலாக்டோன் வேறு வழியில் வேலை செய்கிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை மறித்து, உப்பை வெளியே அனுப்பிவிட்டுப் பொட்டாசியத்தை உடம்பிலேயே பிடித்து வைக்கிறது. அப்பத்தாவின் புது மாத்திரையில் இந்த மருந்தும் இருக்கிறது. போதாததற்கு ராமிப்ரிலும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மருந்துதான். பொட்டாசியம் அதிகமாக ஏறினால் இதயத் துடிப்பையே தாக்கும்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் சோடியம் குளோரைடுக்குப் பதிலாக ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்லதுதான். உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியம் வெளியேறுவது தடைப்படும் நிலையில் உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது என்று அதே பரிந்துரையில் சொல்லியிருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள், சித்த மருத்துவக் கடை உப்பாக இருந்தாலும் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு இளநீரில் சுமார் அரை கிராம் பொட்டாசியம் இருக்கும். ஒரு நாள் குடித்ததற்காகப் பயப்பட வேண்டாம். தினமும் இளநீர், மூன்று வேளையும் அந்த உப்பு, இரண்டு மருந்து என்று எல்லாம் ஒன்று சேர்ந்ததுதான் கவலை. அந்தக் கடைப் பையன் சரியாகச் சொல்லியிருக்கிறான்.

தேவகோட்டை வாத்தியார்:

நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன், மருத்துவம் படித்தவன் அல்ல. எனக்கு ஒரு சந்தேகம். ஒரு மருந்து பொட்டாசியத்தை இறக்குகிறது, இன்னொன்று ஏற்றுகிறது. ஒன்றுக்கொன்று சரிக்கட்டட்டும் என்றுதானே ஒரே மாத்திரையில் சேர்த்திருக்கிறார்கள்? அப்படியிருக்க மாதாமாதம் ரத்தம் எடு, ரத்தம் எடு என்று வயதானவர்களை அலைக்கழிப்பது எதற்கு? என் தம்பி இதே மாதிரி சேர்ந்த மாத்திரை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறான். ஒரு தடவைகூட ரத்தம் பார்த்ததில்லை, நன்றாகத்தான் இருக்கிறான்.

சிவகங்கை மருத்துவ மாணவி:

ஐயா, கேள்வி நியாயமானது. சரிக்கட்டும் என்பதுதான் எண்ணம். பலருக்கு அப்படியே நடக்கவும் செய்கிறது. ஆனால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை மாத்திரை தீர்மானிப்பதில்லை, அதைச் சாப்பிடுகிறவரின் சிறுநீரகம்தான் தீர்மானிக்கிறது. வயது கூடினால், சர்க்கரை இருந்தால், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தால், ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற ரத்த அழுத்த மருந்து கூட இருந்தால் பொட்டாசியம் ஏறும் பக்கம் சாய்கிறது. அந்தப் பேத்தி எழுதியதைப் பாருங்கள், அப்பத்தாவுக்கு இதில் பெரும்பாலானவை இருக்கின்றன.

எங்கள் வகுப்பில் ஒரு பேராசிரியர் இதை ஒரு வரலாறாகவே சொல்லிக் கொடுத்தார். 1999இல் ரேல்ஸ் என்ற ஆய்வு வெளிவந்தது. இதயம் மிகவும் பலவீனப்பட்ட 1663 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்கு வழக்கமான மருந்துகளோடு ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தார்கள். ஆரம்ப அளவு 25 மில்லிகிராம்தான். இறப்பு 30 சதவீதம் குறைந்தது. பெரிய வெற்றி. உலகம் முழுக்க டாக்டர்கள் அதை எழுத ஆரம்பித்தார்கள். பிறகு 2004இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்து, ராமிப்ரில் வகை மருந்து சாப்பிடும் முதியவர்களைப் பார்த்தார்கள். பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001இல் ஆயிரத்துக்கு 11 பேர். மருந்து அதேதான். ஆனால் ரேல்ஸ் ஆய்வில் கிரியேட்டினின் 2.5க்கு மேல், பொட்டாசியம் 5க்கு மேல் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. சேர்த்தவர்களையும் அடிக்கடி ரத்தம் பார்த்துக் கவனித்தார்கள். வெளியே வந்த பிறகு அந்தக் கவனிப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

இன்னொன்று ஐயா. பொட்டாசியம் ஏறுவதை உடம்பு வெளியே காட்டும் என்று நம்ப முடியாது. சிலருக்குக் கை கால் தளர்ச்சி, படபடப்பு வரும். பலருக்கு ஒன்றும் தெரியாது, நேராக இதயத் துடிப்பைத்தான் தாக்கும். இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. உங்கள் தம்பி நன்றாக இருப்பது சந்தோஷம். ஆனால் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பொதுவாக ஆரம்பித்த முதல் வாரத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, அப்புறம் நிலைமை சீராக இருந்தால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அளவை மாற்றினால் முதலிலிருந்து இதே கணக்கு.

புதுவயல் ஓய்வு செவிலியர்:

மதுரையில் இதய வார்டில் பல வருடம் வேலை பார்த்தேன். மாணவி சொன்னதோடு, வீட்டில் நாமே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. எடை பார்ப்பது.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, பலகாரம் சாப்பிடும் முன்னால், தினமும் ஒரே மாதிரி துணியோடு எடை பார்த்து நாட்காட்டியிலேயே எழுதி வையுங்கள். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே எடை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் சேர்கிறது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். எடை மளமளவென்று இறங்கி, எழுந்தால் தலை சுற்றி, வாய் உலர்ந்து, சிறுநீரும் குறைந்தால் மாத்திரை அதிகமாகிவிட்டது என்று பொருள், அதையும் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போகும்போது "வீக்கம் கொஞ்சம் இருக்கு" என்று சொல்வதைவிட அந்த நாட்காட்டித் தாளைக் கையில் கொடுங்கள். அளவை ஏற்றுவதா இறக்குவதா என்று அவருக்கு அதில் தெரிந்துவிடும்.

சித்தப்பா மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். இதயம் பலவீனமானவர்களுக்கு வீக்கம் வடிவது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல. தவிர ஸ்பைரோனோலாக்டோன் இதயத்துக்கே மருந்தாகவும் கொடுக்கப்படுகிறது. இப்படி நிறுத்திவிட்டு ராத்திரி படுக்க முடியாமல் மூச்சுத் திணறி, உட்கார்ந்தபடியே ஆம்புலன்சில் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படுத்தால் மூச்சு வாங்குகிறது, இருமல், நுரை மாதிரி சளி என்றால் காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து பள்ளத்தூர் மகன்:

இதைப் படித்ததும் எங்கள் வீட்டில் நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது. அப்பச்சி (எங்கள் அப்பா) பள்ளத்தூரில். இரண்டு கணுக்காலும் சாயங்காலம் வீங்கும், காலையில் குறையும். ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) ஏற்கெனவே இதே மாதிரி சேர்ந்த மாத்திரை எழுதியிருந்தார்கள். "எனக்கு வடிஞ்சுச்சு, உங்களுக்கும் வடியும்" என்று ஆத்தா தன் அட்டையிலிருந்து ஒன்று ஒன்றாக அப்பச்சிக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். வீக்கம் குறையவில்லை. சித்திரை வெயிலில் முகப்பிலிருந்து எழுந்தவர் மயங்கி விழுந்துவிட்டார். நல்லவேளை எலும்பு முறியவில்லை.

மருத்துவமனையில் சோடியம் ரொம்பக் குறைந்து 124 என்றார்கள். இதயம், சிறுநீரகம், ஈரல் எல்லாம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு இளம் டாக்டர் அப்பச்சியின் மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்து, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 சாப்பிடுவதைக் கண்டுபிடித்தார். அந்த மாத்திரைக்கே கால் வீங்குமாம். அதை மாற்றினார், வீக்கம் போய்விட்டது. நீர் மாத்திரையே தேவைப்படவில்லை.

புதுவயல் ஓய்வு செவிலியர்:

தம்பி, நீங்கள் எழுதியது இந்த இழையிலேயே முக்கியமானது. அம்லோடிபின் வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வருவதல்ல. அந்த மருந்தால் கால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. அதற்கு நீர் மாத்திரை கொடுத்தால் வீக்கம் அப்படியே இருக்கும், உடம்பில் இருக்கிற உப்பும் தண்ணீரும் வீணாகப் போகும். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது என்று போய்விடும்.

கால் வீங்க எத்தனையோ காரணம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோக்ளிட்டசோன், ஸ்டீராய்டு, மூட்டுவலி மாத்திரைகள் எல்லாம் வீங்க வைக்கும். தைராய்டு குறைந்தாலும், சிறுநீரில் புரதம் போனாலும், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தாலும் வீங்கும். கால் ரத்தக்குழாய் வால்வு பழுதானால், யானைக்கால் என்றால், ஒருவகை வீக்கம். அதனால் மாத்திரைக்கு முன்னால் எக்கோ, சிறுநீர்ப் பரிசோதனை, கிரியேட்டினின், ஈரல், தைராய்டு பார்க்கிறார்கள் என்றால் பணம் பிடுங்க என்று நினைக்காதீர்கள். இதில் முக்கால்வாசி அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அது நீர் அல்ல, ரத்தக்கட்டியாக இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவவும் கூடாது. அன்றைக்கே காட்ட வேண்டும். விமானத்தில் ஊருக்கு வந்து இறங்குகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

கோட்டையூர் மருமகள்:

நேரம் பற்றிக் கேட்க வேண்டும். எங்கள் அத்தைக்குக் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். அத்தை சாயங்கால மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறார்கள். எங்கள் வீடு பழைய வளவு வீடு. கழிப்பறை பின்கட்டில். இரண்டாம் கட்டைத் தாண்டி, இரண்டு நிலைப்படி ஏறி இறங்கிப் போக வேண்டும். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போகிறார்கள். அப்புறம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் அன்றைக்கு மாத்திரையே போடுவதில்லை. பல்லவன் ரயிலில் சென்னை போகும் நாளிலும் அப்படித்தான். நிறுத்தினால் தப்பா?

புதுவயல் ஓய்வு செவிலியர்:

ராத்திரி நேரம் கட்டாயம் வேண்டாம், அம்மா. இரண்டாவது மாத்திரையை மதியச் சாப்பாட்டை ஒட்டி, இரண்டு மணிக்கோ அதிகம் போனால் நான்கு மணிக்கோ போட்டுவிட வேண்டும். ஃப்ரூஸ்மைடு ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து ஆறு மணி நேரம் வரை வேலை செய்யும், டார்செமைடு அதைவிடக் கொஞ்சம் நீளும். ஒன்பது மணிக்குப் போட்டால் விடியற்காலை வரைக்கும் நடைதான். நம் ஊர் நிலைப்படி உயரம் எல்லோருக்கும் தெரியும். இருட்டில், தலை சுற்றலோடு, எழுபது வயதில் அதைத் தாண்டி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். நேரத்தை மாற்றும்வரை கட்டில் பக்கத்திலேயே ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போடுங்கள், வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

விசேஷ நாளில் விடுவது பற்றி: டாக்டரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். காலையில் போட வேண்டியதை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போடச் சொல்வது பலருக்கும் ஒத்துவரும் ஏற்பாடு. ஒரு வேளையைத் தள்ளிப் போடுவது வேறு, ஒரு வாரக் கல்யாணத்துக்கு முழுவதும் விட்டுவிடுவது வேறு. விசேஷ வீட்டில் மாத்திரையும் இல்லை, பந்தியில் அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு எல்லாம் உண்டு. அந்த வாரம் முடிந்துதான் வீக்கத்தோடு வருவார்கள். விட்டுப்போனதற்குச் சேர்த்து அடுத்த நாள் இரண்டாகப் போடவும் கூடாது.

அரியக்குடி விவசாயி:

எங்கள் பக்கத்தில் கால் வீக்கத்துக்கு நீர்முள்ளிக் குடிநீர், வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக உண்டு. சித்த மருத்துவத்தில் நீர்முள்ளிக் குடிநீர் முறையான மருந்து. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆங்கில மாத்திரைதான் என்று பேசுவது எனக்குச் சம்மதம் இல்லை. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சீக்கிரம் வடியும் என்பது என் அனுபவம்.

மருந்துக்கடை அண்ணன், காரைக்குடி:

ஐயா, அந்த மருந்துகளை நான் குறைத்துப் பேசவில்லை. சீக்கிரம் வடிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் அதுவும் நீரைப் பிரிக்கிறது. ஏற்கெனவே நீரைப் பிரிக்கும் இரண்டு மருந்து உள்ளே இருக்கும்போது மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் கணக்குத் தெரியாமல் போய்விடும். வாழைத்தண்டிலும் கீரை வகைகளிலும் பொட்டாசியம் உண்டு. சித்த மருத்துவரிடம் போகிறவர்கள் இந்த மாத்திரைச் சீட்டை அவரிடம் காட்டுங்கள். ஆங்கில மருத்துவரிடம் கஷாயம் குடிப்பதைச் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். அது தெரியாமல் அவர் பாட்டுக்கு மாத்திரை அளவை ஏற்றிவிடுவார்.

காய்கறி விஷயத்தில் ரொம்பப் பயமுறுத்த வேண்டாம். பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னவர்கள் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் ஒரு பங்கு குறையும். நாம் குறைக்க வேண்டியது முதலில் உப்புதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. நம் வீடுகளில் குழம்பில் அளந்து போட்டுவிட்டு, மோர்மிளகாய், மாவடு, உப்புக்கண்டம், கருவாடு என்று தனியாகச் சாப்பிடுவதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்துப்பு நல்லது என்று மாறியவர்களும் இருக்கிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், வீக்கத்துக்கு அதனால் லாபம் ஒன்றும் இல்லை. உப்பு குறையாமல் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் மாத்திரை கேட்காது.

கானாடுகாத்தான் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி மறுநாளே ரத்தம் எடுத்தோம். பொட்டாசியம் 5.8, கிரியேட்டினின் 1.4. டாக்டர் உடனே வரச்சொன்னார். ரத்தம் எடுக்கும்போது கையில் பட்டையை இறுக்கிக் கட்டினாலோ ரத்த அணு உடைந்தாலோ அளவு பொய்யாக ஏறித் தெரியுமாம், அதனால் இன்னொரு தடவை எடுத்தார்கள். 5.7. ஈசிஜி நன்றாக இருந்தது.

சேர்ந்த மாத்திரையை நிறுத்திவிட்டு டார்செமைடு மட்டும் தனியாகக் கொடுத்திருக்கிறார். அந்தப் பாக்கெட் உப்பும் இளநீரும் நிறுத்தி, சில நாளில் திரும்பப் பார்க்க வேண்டும். அளவு இறங்கிய பிறகு ஸ்பைரோனோலாக்டோன் 25இல் பாதி என்று தனி மாத்திரையாக ஆரம்பிக்கலாம், அது இதயத்துக்குத் தேவை என்றார். சேர்ந்த மாத்திரை என்றால் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது, அதனால் அளவு நிலைக்கும்வரை தனித்தனிதான் வசதி என்று அவரே சொன்னார். சித்தி ரொம்பக் கலங்கிப்போனார். நல்லது நினைத்து வாங்கியதுதானே, பாக்கெட்டில் எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கிறது.

தேவகோட்டை வாத்தியார்:

பேத்தி, அப்பத்தா நலமாக இருக்க வேண்டும். என் தம்பியையும் அழைத்துப்போய் ரத்தம் பார்த்தோம், பொட்டாசியம் 4.9. டாக்டர் பரவாயில்லை, மூன்று மாதத்தில் பாருங்கள் என்றார். அங்கே வைத்துத்தான் அவன் இன்னொன்றை வாய் திறந்தான். மார்பு இரண்டு பக்கமும் தடித்து, சட்டை பட்டால் வலிக்கிறதாம். பல மாதமாக வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்பைரோனோலாக்டோன் ஆண்களுக்கு அப்படிச் செய்யும் என்று டாக்டர் விளக்கி, அந்தத் தொல்லை குறைவாக உள்ள எப்ளெரினோன் என்ற மருந்துக்கு மாற்றியிருக்கிறார். இந்த மாத்திரை சாப்பிடும் ஆண்கள் இதைப் படித்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பெரிய வியாதி வந்துவிட்டது என்று தனியாக இருந்து பயந்திருக்கிறான், பாவம்.

புதுவயல் ஓய்வு செவிலியர்:

ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இதே இரண்டு வகை மருந்துதான், ஆனால் கணக்கு வேறு. அங்கே ஸ்பைரோனோலாக்டோன் 100க்கு ஃப்ரூஸ்மைடு 40 என்ற விகிதத்தில் ஆரம்பிப்பார்கள். காலில் வீக்கம் இல்லாமல் வயிறு மட்டும் பெருத்திருந்தால் எடை ஒரு நாளைக்கு அரை கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. வேகமாக வடித்தால் சிறுநீரகம் கெடும், நினைவு தடுமாறும். அதனால் "அவருக்கும் வயிறு வீக்கம், இவருக்கும் கால் வீக்கம், மாத்திரை ஒன்றுதானே" என்று சீட்டை இரவல் கொடுக்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சலில் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் அன்றைக்கு மாத்திரை போடும் முன்னால் டாக்டரைக் கேளுங்கள். பெரும்பாலும் சரியாகும்வரை நீர் மாத்திரையையும் ராமிப்ரில் வகையையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

மருந்துக்கடை அண்ணன், காரைக்குடி:

கடையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் என்று சீட்டு இல்லாமல் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் ரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாளிலேயே படுத்துவிடக்கூடும். வலி என்றால் பாராசிட்டமால், அதற்கு மேல் டாக்டர். பெருவிரல் மூட்டு சிவந்து வலித்தால் அது நீர் மாத்திரையால் யூரிக் அமிலம் ஏறியதாகவும் இருக்கலாம், அதற்கும் வலி மாத்திரை நீங்களாக வாங்காதீர்கள்.

பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, பழைய ஃப்ரூஸ்மைடும் புது டார்செமைடும் சேர்த்துச் சாப்பிட்டவர்களும் உண்டு. கம்பெனிப் பெயர் வேறு, நிறம் வேறு, ஆனால் உள்ளே ஒரே வேலை. டெல்மிசார்டான் அட்டையில் பெயருக்குப் பின்னால் எச் என்று இருந்தால் அதிலும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மருந்து இருக்கிறது. எந்த மாத்திரை புதிதாக வந்தாலும் வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாங்கள் பார்த்துச் சொல்கிறோம், அதற்குக் காசு கிடையாது.

கோட்டையூர் மருமகள்:

அண்ணே, அவசரமாக ஒன்று. இரண்டாவது மாத்திரையை மதியம் மாற்றியதில் அத்தை ராத்திரி தூங்குகிறார்கள். ஆனால் நேற்றிலிருந்து சிறுநீர் எரிச்சல். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம், சல்ஃபமெதாக்ஸசோல், ட்ரைமெதோபிரிம் சேர்ந்த ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நீர் மாத்திரை சாப்பிடுவதை நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அத்தைக்கும் ஸ்பைரோனோலாக்டோன்தான். கொடுக்கலாமா?

மருந்துக்கடை அண்ணன், காரைக்குடி:

இன்னும் போடவில்லை என்றால் போட வேண்டாம், அம்மா. ட்ரைமெதோபிரிமும் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் முதியவர்களுக்கு இரண்டும் சேர்வது ஆபத்தான சேர்க்கை என்று எங்கள் பாடத்திலேயே உண்டு. அந்த கிளினிக்குக்கு இப்போதே போன் செய்து நீர் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, மாற்றிக் கொடுப்பார்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அழைத்துப் போங்கள்.

கோட்டையூர் மருமகள்:

பேசிவிட்டேன் அண்ணே. வேறு மருந்து மாற்றி எழுதியிருக்கிறார், நாளைக் காலையில் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் இல்லை.